தட்டைத் திருப்பாதவள்

"புருஷனையே முழுங்கினவளுக்கு இறால் எம்மாத்திரம்? இன்னும் ரெண்டு போட்டுக்கோ" என்றாள் லோலெங்.

மருமகள் ஜோவெலின் சினிகாங் புளிச்சூப்புக் கிண்ணத்தில் இருந்து ஓர் இறாலை எடுத்துத் தோலுரித்து, பக்கத்தில் இருந்த மகள் தேயாவின் சோற்றில் வைத்தாள்.

லோலெங்குக்கு அந்த மௌனம்தான் ஆகாது. திருப்பிப் பேசினால் இரண்டு போடு போடலாம். பேசாதவளை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை மதியம். சர்ச்சில் பூசை முடிந்து லிப்பா நகரத்தில் பாதிப் பேர் இந்தச் சாப்பாட்டுக் கடைக்குள்தான் இருந்தார்கள். வீட்டில் சமைத்தது போலவே இருக்கும் என்று பெயர். பக்கத்து மேசையில் யாருக்கோ பிறந்தநாள். பிள்ளைகள் நாற்காலிகளுக்கு அடியில் புகுந்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

லோலெங்கின் மகன் ரோடெல் செத்து மூன்று வருடம். அந்த நினைவுக்காகத்தான் இந்தச் சாப்பாடு. அவன் கடைசியாகச் சாப்பிட்டதும் இதே சுவரோர மேசையில்தான்.

சாப்பிட்டான் என்றும் சொல்ல முடியாது. மாற்று ஓட்டுநர் வரவில்லை, நீயே வந்து வண்டியை எடு என்று பாதியில் போன் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். தனாவான் சாலையில் எதிரே லாரி வந்தது.

பாதிச் சாப்பாட்டில் ஒருவர் எழுந்து கிளம்பினால், உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் தட்டை ஒரு சுற்றுத் திருப்ப வேண்டும். அப்போதுதான் போகிறவர் பத்திரமாகப் போய்ச் சேருவார். நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

அன்றைக்கு லோலெங்கின் தம்பி பெர்டிங் திருப்பினான். அவன் பெண்டாட்டி திருப்பினாள். ஜோவெலின் திருப்பவில்லை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். லோலெங் அதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

பார்த்ததைச் சும்மா வைத்திருக்கவில்லை. செத்தவனுக்கான ஒன்பது நாள் ஜெபத்தில் சொன்னாள். மீன் கடையில் சொன்னாள். பாதிரியாரிடமே சொன்னாள். ஊரில் அதைக் கேட்காத காது பாக்கியில்லை. ஜோவெலின் ஒருநாள்கூட மறுக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு எப்படி மறுக்கும் என்று லோலெங் அதையும் சேர்த்துச் சொன்னாள்.

இப்போது ஜோவெலின் குழந்தையைக் கூட்டிக்கொண்டு சாமார் தீவுக்கே, தன் தாய்வீட்டுக்கே போகிறாள். இராத்திரி முழுக்க பஸ், அப்புறம் கப்பல். திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

"நீ எங்க வேணா போய்த் தொலை. பிள்ளையை விட்டுட்டுப் போ. எங்கிட்ட அவன் மிச்சம் வச்சது அது ஒண்ணுதான்."

"பெத்தவ நான் இருக்கேன், நானாய்." நானாய் என்றால் அம்மா; மாமியாரையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பெத்துட்டா ஆச்சா? ஒரு தட்டைத் திருப்ப வக்கில்ல. நீ பிள்ளையைக் காப்பாத்தப் போறியாக்கும்."

பிறந்தநாள் மேசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, சூப்பு ஆறுது" என்றான் பெர்டிங். சண்டை வந்தால் அவனுக்குப் பசி கூடும். இன்னொரு கிண்ணம் சோறு சொல்லியிருந்தான்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. பஸ் நிலையத்துக்குப் போகிற வேன். அது யாருக்காகவும் நிற்காது.

ஜோவெலின் எழுந்தாள். தேயா மேசையைச் சுற்றி வந்து ஆசி வாங்க லோலெங்கின் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். ஐந்து வயதுக் கை, இறால் வாசனையோடு. லோலெங் அதை ஒருமுறை இறுகப் பிடித்து விட்டாள். ஆனால் அடுத்து ஜோவெலின் குனிந்தபோது, கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

பெர்டிங் மென்றுகொண்டே தன் தட்டை அவசரமாக ஒரு சுற்றுத் திருப்பினான்.

லோலெங் தன் தட்டைப் பார்த்தாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது. அந்தப் பக்கமாக வந்த பணிப்பெண்ணிடம் அதை நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போம்மா. எனக்கு நெறைஞ்சிடுச்சு."

தட்டு சமையலறைக்குள் போவதை ஜோவெலின் நின்று பார்த்தாள். பிறகு பெர்டிங்குக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்.

"இன்னைக்காவது திருப்பியிருக்கலாம், நானாய். பிள்ளையும் எங்கூட வருதில்ல."

கோபமே இல்லாமல் சொன்னாள். போய்விட்டாள்.

லோலெங் தன் தட்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இன்னைக்காவது.

அன்றைக்குப் போன் வருவதற்குச் சற்று முன்னால்தான், அடுத்த மாதம் தனி வீடு போகிறோம் என்று ரோடெல் சொல்லியிருந்தான். அவன் எழுந்தபோது லோலெங் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தட்டைத் திருப்பவில்லை. யாராவது தனக்காகத் திருப்பிவிடப் போகிறார்களே என்று இரண்டு கையாலும் அதன் விளிம்பை அழுத்திப் பிடித்திருந்தாள். போகிறவன் போகட்டும்.

யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். எதிர் நாற்காலியில் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, மீன் கடையிலும் சொல்லவில்லை, பாதிரியாரிடமும் சொல்லவில்லை.

வெளியே வேன் கதவு சாத்தப்பட்டது.

லோலெங் எழுந்தாள். நாற்காலி சாய்ந்து விழுந்தது. பிள்ளைகளை விலக்கிக்கொண்டு நேரே சமையலறைக்குள் நுழைந்தாள்.

குழாயடியில் எச்சில் தட்டுகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன. எல்லாம் வெள்ளை. எல்லாவற்றுக்கும் பச்சை விளிம்பு.

"என் தட்டு எது?"

கழுவிக்கொண்டிருந்தவள் திகைத்துப் பார்த்தாள். "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, நானாய். எதுன்னு சொல்றது?"

வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

லோலெங் மேலே இருந்த தட்டை எடுத்து ஒரு சுற்றுத் திருப்பி ஓரமாக வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.