கை படாத நிலம்

"உங்க வீட்டுக்காரர் மனுஷன் இல்லம்மா, முனிவர்," என்றார் அதிகாரி, இடுப்பளவு புல்லுக்குள் பச்சைக் குடையைப் பிடித்து நின்றபடி. "ரெண்டு வருஷம் நிலத்துல ஏர் படாம பாத்துக்கறதுன்னா சும்மாவா?"

நிலத்துக்காரி சிவப்புத் துணியைச் சுற்றி ஒட்டுப்போட்டிருந்த படல் கதவைச் சாத்திவிட்டு அவர் பின்னால் நடந்தாள்.

மாவட்டத்தின் சிறந்த மண் காவலருக்கு விருது கொடுக்க ஆள் தேடிக் காலையிலேயே ஜீப் கிளம்பியிருந்தது. உழாத மண், வெட்டாத புதர், மருந்து படாத புல் இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. ஒழுங்காக விவசாயம் செய்கிறவனிடம் இதெல்லாம் எங்கே இருக்கும்? வழியெல்லாம் விளைச்சலாகப் பார்த்து மனம் நொந்த அதிகாரிக்கு, இந்தத் தரிசைக் கண்டதும்தான் உயிர் வந்தது.

ட்ராக்டர் இருக்கையில் ஒரு குருவி கூடு கட்டியிருந்தது. "உக்கார்ற இடத்தைக்கூட பறவைக்கு விட்டுக் குடுத்திருக்காரு பாருய்யா," என்று டிரைவரிடம் சொல்லி, அதைப் படம் எடுக்க வைத்தார்.

"சார், அந்தக் கரை," என்றாள் நிலத்துக்காரி. தாழ்ந்த ஓரத்தில் கரை உடைந்து வாய் பிளந்து கிடந்தது. "மழைக்குள்ள அடைக்கலேன்னா மிச்சமிருக்கற மேல்மண்ணும் ஓடையோட போயிரும். அப்புறம் இங்க ஒண்ணும் முளைக்காது. அதுக்கு ஏதாச்சும் உதவித் திட்டம் இருக்குங்களா?"

அதிகாரி அனுதாபத்தோடு தலையாட்டினார். பல வருடப் பழக்கம்; நன்றாகவே வந்தது.

"கரையில ஒரு சிக்கல் இருக்கும்மா. மண் பிரிவுல கேட்டா, தண்ணிதானே உடைச்சுது, தண்ணிப் பிரிவுக்குப் போங்கம்பாங்க. அங்க போனா, உடைஞ்சது மண்ணுதானேம்பாங்க. யாரு மேலயும் தப்பு சொல்ல முடியாது."

"முடியாதுங்க."

"அதோட, விருது வாங்கிட்டா அஞ்சு வருஷத்துக்கு இதுல யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது. அது கிடக்கட்டும், அவரக் கூப்பிடுங்க. சேர்ந்து ஒரு படம் எடுத்துக்குவோம்."

"அவரு இல்லீங்க. போன மழையில தொப்பலா நனைஞ்சு வந்தாரு. காய்ச்சல் கண்டுது, தங்கல."

அதிகாரி குடையைக் கொஞ்சம் தாழ்த்தி, அரசு விழாக்களில் நிற்பதுபோல் நின்றார். பிறகு முகம் தெளிந்தது. "கவலப்படாதீங்கம்மா. மறைவுக்குப் பின்னால குடுக்கவும் விதி இருக்கு. அதுக்குக் கௌரவம் இன்னும் ஜாஸ்தி."

குடையின் கைப்பிடியில் சுற்றியிருந்த சிவப்புத் துணியை நெருடிக்கொண்டே கேட்டார்: "ஆனாலும் ஒரு விவசாயிக்குக் கை அரிக்காதாம்மா? எப்படிச் சும்மா இருந்தாரு?"

"அரிச்சுதுங்க. கரைக்கு மனு குடுத்தப்ப, ஆய்வுக்கு ஆள் வர்ற வரைக்கும் நிலத்துல கை வைக்காதேன்னு சொல்லியிருந்தாங்க. வைக்கல. எப்ப வருவாங்கன்னு கேக்க காலையில டவுனுக்கு பஸ் ஏறினா பொழுது சாஞ்சுதான் வருவாரு."

"அருமையான யோசனை. யாரு சொன்னது?"

"படிச்சவங்கதாங்க."

அதிகாரி நெகிழ்ந்துபோய் டிரைவர் பக்கம் திரும்பினார். "கேட்டியாய்யா? நம்ம ஆபீஸ்லயும் ஒருத்தன் மாடிப்படிக்குக் கீழ உக்காந்திருப்பானே. பெஞ்சுல அவன் உக்காந்து உக்காந்து குழியே விழுந்திருச்சு. வேலவெட்டி இல்லாத பய. இந்தக் குடைய மறந்துட்டுப் போனதுதான் அவன் நமக்குச் செஞ்ச ஒரே உபகாரம். அவனெல்லாம் இந்த மனுஷனப் பாத்துக் கத்துக்கணும்."

தூறல் ஆரம்பித்தது. முதல் நீர், உடைப்பைத் தேடிப் புல்லுக்கடியில் ஊரத் தொடங்கியது.

"அப்ப விருதுக்கு எழுதிடலாம்லம்மா? வேற ஏதாச்சும் வேணும்னா கூச்சப்படாம சொல்லுங்க," என்றார் அதிகாரி.

நிலத்துக்காரி ட்ராக்டரில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை ஒரு கையில் எடுத்துக்கொண்டாள். மறு கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"விருது வேணாங்க. அவரு குடைய மட்டும் குடுத்துட்டுப் போங்க."