சரசா கேட்ட பாக்

கோந்த்வா பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், போன வருஷம் வரை குப்பை புகைந்துகொண்டிருந்த மூலையில், காலை வெயில் சாமந்திப் பாத்திகளின் மேல் விழுந்து கிடக்கிறது. வாசலில் கட்டிய ரிப்பன் இன்னும் வெட்டப்படவில்லை. குழந்தைகள் அதற்கு அடியில் குனிந்து புகுந்து ஓடுகிறார்கள். ஈர மண் வாசனை தெரு வரை வருகிறது. வலிக்கிற முழங்காலைப் பிடித்தபடி சரசா வெளியே நிற்கிறாள். வார்டுக்கு என்ன வேண்டும் என்று மாநகராட்சி தன் இணையதளத்தில் கேட்டபோது, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்கார ஒரு பெஞ்ச் வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். மராத்தியில் பெஞ்சுக்கு 'பாக்' என்று பேர். அதன் 'க'வை மெலிதாகச் சொல்லிவிட்டால் தோட்டம். எழுத வராததால் அவள் போனிடம் வாயால் சொன்னாள். போன் தோட்டம் என்று எழுதிக்கொண்டது. காலனியே அதற்கு ஓட்டுப் போட்டது. இப்போது எல்லோருமாக அவள் கையில் கத்தரிக்கோலைத் திணிக்கிறார்கள். "தாயி, பாக் சான் ஆஹே," அக்கா, தோட்டம் அருமை என்கிறாள் பக்கத்து வீட்டு மராத்திக்காரி. ரிப்பன் விழுகிறது, கைதட்டல் எழுகிறது. சரசா உள்ளே போய்ச் சுற்றிலும் பார்க்கிறாள். புல் இருக்கிறது, பூ இருக்கிறது, உட்கார ஒரு பலகைகூட இல்லை. நனைந்த புல்லிலேயே உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்கிறாள். கணவர் விச்சு குனிந்து, "அடுத்த வருஷம் நான் டைப் பண்றேன், நீ வாயைத் திறக்காதே," என்கிறார்.

"வேண்டாம், நானே சொல்றேன். இன்னும் என்னதான் குடுக்கறான்னு பாக்கலாம்."