நண்டு ஏன் கரை ஏறுது?

"அஞ்சு வருஷமா இந்த நண்டைத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்க. அது ஏன் பௌர்ணமிக்கு மட்டும் கரை ஏறுது?" பிஎச்.டி. வாய்மொழித் தேர்வில் மாணவியைக் கேட்டார், வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்த அம்மாள்.

"தெரியலை மேடம்."

பக்கத்திலிருந்த வழிகாட்டிப் பேராசிரியருக்கு மூஞ்சி தொங்கிவிட்டது. "ஏதாவது சொல்லும்மா."

"நிஜமாவே தெரியலை சார்."

தேர்வாளர் சிரித்துக்கொண்டே பட்டத்துக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் பேராசிரியர் கும்பிட்டார். "என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க மேடம். பொண்ணு சரியா படிக்காம வந்துட்டா."

"அந்தக் கேள்விக்குப் பதில் இதுவரைக்கும் யாருக்குமே தெரியாது சார். நானும் தலைகீழா நின்னு பார்த்துட்டேன்."

பேராசிரியர் லேசாக இருமினார்.

"காலையில டீ குடிக்கறப்ப உங்ககிட்டயும் இதையேதான் கேட்டேன். டீ ஆறிப்போற வரைக்கும் விளக்கினீங்க."