பாய் விரிக்காத நாட்கள்

நடுப்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு முடிந்தும் மைமூன் பீவி எழுந்திருக்கவில்லை.

சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தாள். தொழுகைப் பாய் சுருட்டியபடி மூலையில் சாத்தியிருந்தது.

அதைப் பார்க்கப் பார்க்க மாமியார் ஆசியா பீவிக்கு உள்ளம் குளிர்ந்தது.

தேங்காய்ப்பட்டணத்தில் வேறு எந்த மாமியாராக இருந்தாலும் தொழாமல் கிடக்கும் மருமகளைப் பார்த்து முற்றம் பெருக்கும் வாரியலைத் தூக்கியிருப்பாள். இவளோ கருப்பட்டிக் காப்பி போட்டு, ஆற அமர உட்கார்ந்து குடித்தாள்.

மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்குத் தொழுகை இல்லை. மற்ற நாட்களில் மைமூன் ஒரு வேளைத் தொழுகையைக்கூட விட்டவள் அல்ல. காய்ச்சலில் கை கால் அசைக்க முடியாதபோதும் படுத்தபடி கண்ணசைவிலேயே தொழுதவள். தொழுகை விஷயத்தில் அவளிடம் பொய் கிடையாது என்பதை அவளைக் கண்டாலே ஆகாத மாமியாரும் ஒத்துக்கொள்வாள்.

அதனால் மருமகள் வயிற்றில் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று ஆசியா பீவி யாரையும் கேட்பதில்லை. பாயைப் பார்ப்பாள்.

போன மாதமே பேச்சு முடிந்துவிட்டது. இந்த மாதமும் வயிறு காலியென்றால் மகன் மைதீன் கனி இவளைத் தலாக் சொல்லிவிட்டு மாமன் மகளைக் கட்ட வேண்டும். கர்ப்பமென்றால் இவளே இருந்து தொலையட்டும்.

நாள் கொஞ்சம் தள்ளிப்போனபோது கிழவிக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு பாங்குக்கும் பாய் விரிவதை வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தாநாள் காலையில் பாய் விரியவில்லை. உடனே குளச்சலில் மைமூனின் தாய்வீட்டுக்கு ஆள் போயிற்று, மகளை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லி.

மைமூனைப் பெற்ற ஹலீமா பீவி சிலுவைமுத்துவின் மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

“ரெண்டு தடவ தங்கி ரெண்டும் போச்சு. இப்ப அதுக்கும் வழியில்ல. சவத்தக் கொண்டு போ” என்றாள் ஆசியா பீவி.

இரண்டும் எப்படிப் போயின என்பதை அவள் சொல்லவில்லை. குழம்பில் உப்புக் கூடியதற்கு ஒரு தடவை, எதிர்த்துப் பேசியதற்கு ஒரு தடவை மகன் காலைத் தூக்கினான். இரண்டு தடவையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் இவள்தான். உதைத்தால் எந்த வயிற்றில் எது தங்கும்?

மைதீன் கனி முற்றத்தில் நின்று மூன்று முறை தலாக் சொன்னான். விலக்கு நாட்களில் தலாக் சொல்வது கூடாதே என்று பள்ளிவாசல் லெப்பை முனகினார். அவரை யாரும் சட்டை செய்யவில்லை.

மைமூன் அழவில்லை. துணிமூட்டையையும் பாயையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். அவள் அழாதது மாமியாருக்குப் பொறுக்கவில்லை. அழுத்தக்காரி என்று காறித் துப்பி, வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று வைதாள்.

வண்டிக்குள்ளும் நிம்மதி இல்லை. ஹலீமா பீவி தலையில் அடித்துக்கொண்டே வந்தாள். வீட்டில் இன்னும் இரண்டு குமருகள் கல்யாணத்துக்கு இருக்கிறார்கள். இனி அவர்களைக் கேட்டு எவன் வருவான்? மகளின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

கருங்கல் சந்தையில் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று ஊர்வலம். போலீஸ் லத்தியோடு நின்றதால் சிலுவைமுத்து நிறுத்தாமல் ஓட்டினான். ஊரைத் தாண்டி ஒரு குளம் வந்தது. சாயங்காலத் தொழுகைக்கான அஸர் நேரம் போய்விடும், வண்டியை நிறுத்து என்றாள் மைமூன்.

இறங்கிப் போய்க் கையும் முகமும் காலும் கழுவினாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. கரையில் பாயை விரித்தாள்.

“ஏட்டி, குளிச்சு முழுகாம பாயில ஏறுதியே, நரகத்துக்குப் போகவா?” என்று ஹலீமா பீவி பாயை இழுக்க ஓடினாள்.

அதற்குள் மகள் தக்பீர் கட்டிவிட்டாள். தொழுகிறவளைப் பிடித்து இழுக்க முடியாது. பெற்றவள் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

அஸர் முடிந்தது. ஸலாம் கொடுத்த மைமூன் பாயைச் சுருட்டவில்லை. எழுந்து மறுபடி தக்பீர் கட்டினாள். அதை முடித்து, இன்னொன்றுக்கு எழுந்தாள்.

விட்ட தொழுகைகளை அவள் களா தொழுகிறாள் என்று ஹலீமா பீவிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இன்றைக்கு விட்டது, நேற்று விட்டது, முந்தாநாள் விட்டது.

விலக்கு நாட்களில் தொழுகை கடமையே இல்லை. அந்த நாட்களுக்குக் களாவும் இல்லை. இது ஓதப் போகிற சின்னப் பெண்ணுக்கும் தெரியும். தொழ வேண்டியிருந்தும் தொழாமல் கிடந்தவளுக்குத்தான் களா.

மைமூன் நெற்றி பாயில் பட ஸஜ்தாவில் கிடந்து தேம்பினாள். மூன்று தலாக்குக்கும் வராத அழுகை இப்போது வந்தது.

ஹலீமா பீவி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே பின்னால் நகர்ந்து வண்டியருகே போனாள். மாடுகளுக்கென்று கட்டி வைத்திருந்த வைக்கோலை அவிழ்த்து, மகள் உட்காரும் இடத்தில் கனமாகப் பரப்பினாள். சிலுவைமுத்து குளத்தில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தான்.

“இனி பைய ஓட்டணும், கேட்டியா” என்றாள். “குண்டு குழி பாத்துப் போ. வண்டி குலுங்கப்பிடாது.”