இருபத்தேழாம் நம்பர்

இருபத்தேழாம் நம்பர் சாகவே இல்லை.

டெக்னீஷியன் அதைத் தோட்டத்து மண்ணிலிருந்து தோண்டி எடுத்து, துடைத்து, அவளுடைய லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். பச்சை விளக்கு மட்டும்தான் ஃபியூஸ். மற்றபடி அந்த சென்சார் இத்தனை நாளும் நிமிடத்துக்கு ஒரு தடவை பக்கத்து சென்சார்களோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வேறொரு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இன்றைக்கு அதை லேப்டாப்பை விட்டுத் தள்ளி வைத்தாள்.

அவள் உட்கார்ந்திருந்தது அப்பாவின் கட்டிலில். முதியோர் இல்லத்தின் மூன்றாவது மாடி, லிஃப்டை ஒட்டிய அறை. லிஃப்ட் ஓடும்போதெல்லாம் சுவர் உறுமுகிறது என்று அப்பா குறைபட்டுக்கொண்டே இருப்பார். இப்போது அந்த உறுமலும் இல்லை. லிஃப்ட் பழுது. கதவுக்குக் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவாராம்.

முந்தாநாள் காலையிலிருந்து அப்பாவைக் காணவில்லை.

அவள் தொழில் டோப்பாலஜி. ஒரு வடிவத்தில் எத்தனை ஓட்டை என்று எண்ணுகிற கணக்கு. ஓட்டை எண்ணுகிறவளுக்குக்கூடச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அப்பா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மறதி முற்றி அவர் வழி தவறத் தொடங்கியபோது அந்தக் கணக்கைத்தான் அவள் இங்கே கொண்டுவந்தாள். கட்டிடத்தைச் சுற்றி, விளக்கு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி, மண்ணுக்குள் நாற்பத்தொரு சென்சார். எந்த சென்சாருக்கு எது எது கேட்கிறது என்ற பட்டியல் போதும். வலையில் ஓட்டை உண்டா இல்லையா என்று கணக்கு அடித்துச் சொல்லிவிடும். ஓட்டை இல்லையென்றால், மணி அடிக்காமல் ஒருவரும் வெளியே போக முடியாது.

மணி அடிக்கவில்லை.

இருபத்தேழின் விளக்கு அணைந்திருந்ததை அன்று காலை முதலில் பார்த்தவளும் அவள்தான். தோண்டிச் சோதிக்கப் பொறுமை ஏது? செத்துவிட்டது என்று முடிவு கட்டிப் பட்டியலிலிருந்து அடித்தாள். கணக்கு ‘ஒன்று’ என்றது. பின் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை.

கட்டிடத்துக்குள் அரைகுறையாகத் தேடிக்கொண்டிருந்தவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினார்கள்.

“ஓட்டையே இல்லைன்னு அடிச்சு சொன்னியேக்கா,” என்றான் தம்பி. அப்போது கிளம்பியவன்தான். கால்வாய்க் கரை, பஸ் நிலையம், ஆஸ்பத்திரி என்று சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருக்கிறான்.

அந்தப் பழியை அவள் மனதாரச் சுமந்தாள். ஓட்டை இருந்தால் அப்பா வெளியே இருக்கிறார். வெளியே இருப்பவர் எங்காவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, யாரையாவது பிடித்து வைத்துக்கொண்டு, மகள் ஓட்டை எண்ணுகிற கதையை அளந்துகொண்டிருப்பார். தன் கணக்கு தப்பாகவே இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது பதினைந்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

அடுத்த கட்டிலில் அப்பாவின் அறைத்தோழர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் மறதிதான். சுவருக்குள்ளே யாரோ தட்டுகிறார்கள் என்று முந்தாநாள் முழுக்க ஒரே புலம்பல். பாவம், கூட இருந்தவரைக் காணாமல் இன்னும் குழம்பிப்போய்விட்டார் என்று அவள்கூட அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

இருபத்தேழைத் திரும்பப் பட்டியலில் சேர்த்தாள். விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

பூஜ்யம்.

இன்னொரு தடவை அழுத்தினாள்.

பூஜ்யம்.

கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. அப்பா வெளியே போகவே இல்லை.

அவருக்கு முட்டி வலி, மாடிப்படி பக்கமே போக மாட்டார். தினமும் காலையில் பொத்தானை அழுத்தி, கதவு திறந்ததும் நேராக ஒரு எட்டு வைப்பார். உள்ளே லிஃப்ட் வந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற வேண்டும் என்பதெல்லாம் எப்போதோ மறந்துபோய்விட்டது.

அவள் வராந்தாவை எட்டிப் பார்த்தாள். லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே அந்த நாற்காலி. லிஃப்ட் நின்றுபோனது எப்போது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. முந்தாநாள் காலை படியேறி வந்து மூச்சு வாங்கியது அவளுக்கே நினைவிருந்தது.

நர்ஸ் உள்ளே வந்து அறைத்தோழரின் போர்வையை இழுத்துவிட்டாள்.

“இன்னிக்குத்தான் மேடம் இவர் நிம்மதியா தூங்கறார். அந்தத் தட்டுற சத்தம் நேத்து ராத்திரியோட நின்னுடுச்சாம்.”