அஸ்வதி காப்பாற்றிய அலமாரி

“பிள்ளைகள் யாரும் எடுக்காத தமிழ் அலமாரியை ஒழிக்கச் சொல்லிட்டாங்க. உங்க மோளாலதான் சார் தப்பிச்சுது!” என்றார் நூலகர் சுஜா, மலையாளம் கலந்த தமிழில்.

சாலை பஜாரில் அரிசிக் கடை வைத்திருக்கும் குற்றாலலிங்கம் சிரித்தார். மகள் அஸ்வதியின் கார்டில் வாராவாரம் புத்தகம் எடுத்துப் போவது அவர்தான்.

“போன வாரக் கதைக்கு வீட்டுல ஒரே அழுகை, மேடம்.”

நூலகத்தின் ஆண்டு விழாவில், பதின்வயதினருக்கான வாசிப்புப் பரிசு அஸ்வதிக்குத்தான்.

“உன்னை அழ வச்ச கதையில ஒரு பக்கம் வாசி, மோளே. மத்த பிள்ளைகளும் கேக்கட்டும்.” சுஜா மைக்கை நீட்டினார்.

புத்தகத்தைப் புரட்டிய அஸ்வதி, முன்வரிசையைப் பார்த்தாள்.

“அப்பா, பரிசு வாங்கினாப் போதும்னல்லே சொன்னீங்க? எனக்குத் தமிழ் வாசிக்க அறியில்லல்லோ!”

மைக் அதை அரங்கம் முழுக்கச் சொன்னது.

அந்தக் கதையைப் படித்து அழுதிருந்த குற்றாலலிங்கத்துக்கு மறுபடியும் கண் கலங்கியது.