ஆரத்தித் தட்டில் ஒரு விதை

பாலக்காட்டில் ரிஜிஸ்டர் கல்யாணத்தை முடித்த கையோடு, அனுப்பிரியாவுடன் எலப்புள்ளி வீட்டு வாசலில் வந்து நின்றான் சிவப்பிரகாஷ்.

அம்மா கருப்பாத்தாள் ஆரத்தித் தட்டோடு வந்தாள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தும் அது சிவக்கவே இல்லை.

"சகுனமே செரியில்ல. இந்தப் புள்ளைய உள்ளார உடமாட்டேன்!"

பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தும் அனுப்பிரியா தட்டை உற்றுப் பார்த்தாள். அடியில் ஓர் எலுமிச்சை விதை கிடந்தது.

வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாமனார் காளிச்சாமியிடம் திரும்பினாள்.

"மாமா, உங்க சுண்ணாம்பு டப்பாவக் குடுங்க. தண்ணில புளிப்பு ஏறியிருக்குங்க. அது முறியற வரைக்கும் போட்டு, அதுக்கு மேல துளி போட்டாச் செவந்துருமுங்க."

"தெரியுங் கண்ணு" என்றவர், தானே விரலால் வழித்துக் கலக்கினார். டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே தண்ணீர் ஜம்மென்று சிவந்தது.

கருப்பாத்தாள் வாயைப் பிளந்தாள். "ஏனுங்க, இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ கண்ணாலமாகி வந்தன்னிக்குக் கத்துக்கிட்டதுதான். உன்ற ஆரத்தில எங்கம்மா புழிஞ்சதுக்கு முழு டப்பாவும் காலி! அவிய மூணு பழம் புழிஞ்சாங்க. நீ பரவால்ல, ஒண்ணோட நிறுத்திட்டே."